சனிக்கிழமைப் பாட்டும் எட்டாவது நாற்காலியும்

எங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்தது அறுபத்தைந்தாம் ஆண்டு, ஆவணி முடிகிற சமயம். எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. செய்தி கேட்க வேண்டும் என்று சொல்லித்தான் அப்பா அதை வாங்கி வந்தார். பக்கத்து ஊரான பாடியில் அவரோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் புதிது வாங்கியதால் பழையதைத் தள்ளிவிட்டார். மரப்பெட்டி, முகப்பில் சாக்குத் துணி மாதிரி ஒரு மறைப்பு, உள்ளே வால்வுகள். போட்டதும் பாடாது. முதலில் பச்சைக் கண் ஒன்று மெல்ல விழிக்கும், பிறகு பெட்டி சூடாகும், அதற்கப்புறம்தான் குரல் வரும். ஓட்டுக் கூரையிலிருந்து பக்கத்துச் சந்தில் நின்ற முருங்கை மரம் வரை ஏரியல் கட்டினோம். சண்டை அந்தப் புரட்டாசிக்குள் ஓய்ந்துவிட்டது. ரேடியோ தங்கிவிட்டது.

நாங்கள் அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் கூலிக்கு நாற்று நட்ட நிலங்களில்தான் பிறகு தொழிற்பேட்டை வந்தது. அதே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். எந்த விஷயத்தையும் ஆண்டு, மாதத்தோடு நினைவில் வைக்கும் பழக்கம் எனக்கு அந்த வேலையில் வந்ததா, முன்பே இருந்ததா, தெரியவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்தால்கூட முத்திரையில் இருக்கும் பழைய தேதிகளைத்தான் முதலில் பார்ப்பேன். இங்கே எழுதுவதில் எனக்குச் சந்தேகமான இடங்களைச் சந்தேகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

என்னைவிட நான்கு வயது இளையவன் என் தம்பி. தொழிற்பேட்டையிலேயே ஒரு சின்னப் பட்டறையில் பித்தளைச் சாமான்களுக்கு மெருகு போடும் வேலை. ஆனால் அவன் உயிர் பாடியில் இருந்த பேண்டு செட்டில் இருந்தது. பதினேழு வயதில் சேர்ந்தான். சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகை, தலையில் தொப்பி, கையில் ட்ரம்பெட். கல்யாண ஊர்வலம், சாமி ஊர்வலம் என்று எல்லாவற்றுக்கும் போவார்கள். ஆனால் முக்கால்வாசி அழைப்பு சாவுக்குத்தான் வரும். சாவு நாள் பார்த்து வருவதில்லையே. பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடுவான்.

பட்டறையில் அதற்காக அவனைப் படுத்திவைத்தார்கள். அவன் உள்ளே நுழைவதைப் பார்த்ததும் யாராவது ஒருவன் பெஞ்சில் மல்லாந்து படுத்து, இரண்டு கால் கட்டைவிரல்களையும் ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். மற்றவர்கள் தலைமாட்டில் நின்று ஒப்பாரி வைப்பார்கள். "ஊது மச்சான், நேரமாவுது" என்பார்கள். தம்பியும் சிரிப்பானாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது சிரிக்க மாட்டான்.

எங்கள் வீட்டில் அம்மாவின் சட்டம் வேறு மாதிரி. சாவுக்குப் போய் வந்தால் பின்பக்கம் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் ட்ரம்பெட்டுக்கும் தீட்டு உண்டு. அன்று முழுக்க அது வாசல் தாண்டக் கூடாது. மறுநாள் காலை மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் அனுமதி.

"தண்ணி படக்கூடாதும்மா. உள்ள ஸ்பிரிங்கு கீது, துரு புடிச்சிரும்."

"பொணத்தண்ட ஊதனது அப்டியே ஊட்டுக்குள்ள வருமா? நீ குளிச்ச. அது குளிச்சிச்சா?"

தம்பி ட்ரம்பெட்டைத் துணியில் சுற்றி முருங்கை மரத்துக் கிளையில் மாட்டிவிடுவான்.

சனிக்கிழமை நிகழ்ச்சியை முதலில் கண்டுபிடித்தது நான்தான். அறுபத்தாறு கோடையாக இருக்க வேண்டும். ரூபாயின் மதிப்பைக் குறைத்த செய்தியும் அந்த நாட்களில்தான் வந்தது. சிற்றலையில் ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையம். அதன் பெயர் எனக்குக் கடைசிவரை தெளிவாகக் கேட்டதில்லை. அறிவிப்பாளர் பெயரைச் சொல்லும் நேரம் பார்த்துப் பக்கத்து நிலையத்தின் சீனப் பேச்சு மேலே ஏறிவிடும். விளக்கு வைத்த பிறகு அரை மணி நேரம் ஜாஸ். அந்த அறிவிப்பாளர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவார். பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அவர் சொல்வதில் பாதியைப் பிடித்துத் தம்பிக்குச் சொல்வேன்.

சனிக்கிழமைகளில் பெரும்பாலும் அவன் ஒரு சாவுக்குப் போய் வந்திருப்பான். குளித்துவிட்டு அவன் உள்ளே வரலாம், ட்ரம்பெட் வரக் கூடாது. ட்ரம்பெட் இல்லாமல் அவன் மட்டும் உள்ளே வந்து என்ன செய்வது? அதனால் வெளியிலேயே நின்றான். நான் ரேடியோவைச் சந்துப் பக்கத்து ஜன்னலில் தூக்கி வைத்து, ஒலியைக் கூட்டி, நிலையத்தைக் காட்டும் முள்ளின் திருகைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அந்தப் பெட்டியில் நிலையம் ஓரிடத்தில் நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும். விரலை எடுத்தால் பாட்டு போய்விடும்.

"கைய எடுக்காதக்கா. அப்டியே வச்சிக்கினு இரு."

அவன் ஜன்னலுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் நடப்பான். நடந்துகொண்டே கேட்பான், நடந்துகொண்டே ஊதுவான். பேண்டு செட்டில் எல்லோரும் அப்படித்தான் கற்கிறார்கள். தாளம் கையிலோ தலையிலோ இல்லை, காலில். இடது கால் விழும்போது ஒன்று. முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டு, சாணியையும் பள்ளத்தையும் தாண்டிக்கொண்டு, காலை விடாமல் ஊத வேண்டும். எங்கள் சந்து அவனுக்குப் போதுமான தெருவாக இருந்தது.

நிகழ்ச்சி முடியும்போது ஒவ்வொரு வாரமும் ஒரே இசையை வைப்பார்கள். யாரோ யோசித்தபடி தனியாக நடந்துபோவது போல மெதுவாகத் தொடங்கும். பிறகு அந்த ஆளுக்குத் துணை கிடைத்தது மாதிரி வேகம் பிடிக்கும். சரியாக அந்த இடத்தில் அறிவிப்பாளர் பேச ஆரம்பித்துவிடுவார். இசையைத் தணித்துத் தணித்து, அவர் விடைபெறும்போது அது இல்லாமல் போயிருக்கும். முடிவு எப்படி என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் சனிக்கிழமைப் பாட்டு. இரண்டு ஆண்டுகளில் அதன் ஒவ்வொரு வளைவும் அவனுக்கு வந்துவிட்டது, முடிவைத் தவிர.

அறுபத்தெட்டு ஐப்பசியில் ஒரு மாலை. மழை விட்டிருந்தது. சந்தில் அவன் சனிக்கிழமைப் பாட்டை ஊதிக்கொண்டு நடந்தான். வேலிக்கு வெளியே ஒரு சைக்கிள் நின்றது. வந்தவர் ரயிலில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். அம்பத்தூரில் எல்லோருக்கும் அவர் டிரைவர் தொரை. சாக்ஸபோன் வாசிப்பார். டிசம்பர் வந்தால் அவருடைய ஏழு பேர் ஆர்கெஸ்ட்ரா அம்பத்தூர் மாதா கோயில் மைதானத்திலும், ஆவடியிலும், பூந்தமல்லியிலும் கிறிஸ்மஸ் கச்சேரி செய்யும். டீக்கடைத் தட்டியில் போஸ்டர் ஒட்டுவார்கள்.

"யாரு மேன் அது, ட்ரம்பெட்?"

"நான்தான் தொரை."

"யாராண்ட கத்துகினே?"

தம்பி ஜன்னலைக் காட்டினான். அவர் எட்டிப் பார்த்தார். திருகில் விரலை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் தொப்பியை எடுத்தார். அதுவரை யாரும் எனக்குத் தொப்பி எடுத்ததில்லை.

"எல்லாம் சரியா கீது. எண்டிங் மட்டும் இன்னாத்துக்கு உட்டுட்ட?"

"எண்டிங் வராது தொரை. அந்தாளு பேச ஆரம்பிச்சிருவான்."

அவர் சைக்கிள் ஹேண்டில் பாரில் கை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்க ஊட்டு ரேடியோலயும் அப்டித்தான் மேன் பேசுறான். என்னாண்ட கிராமபோன் பிளேட்டு கீது. வா, எண்டிங் காட்றேன்."

இதற்குள் அம்மா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்துவிட்டாள். அன்று காலை அவன் ஒரு சாவுக்குப் போயிருந்தான்; வெளியாள் பக்கத்தில் வந்து நின்றதால் மறுநாள்வரை அவள் பொறுக்கவில்லை. வந்தவர் மேலும் ட்ரம்பெட் மேலும் சமமாகத் தெளித்துவிட்டு உள்ளே போனாள். டிரைவர் தொரை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிளெஸ்ஸிங்" என்றார்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் தம்பி அவர் வீட்டுக்குப் போனான். அந்த டிசம்பர் கச்சேரியில் சனிக்கிழமைப் பாட்டை அவன் வாசிப்பது என்று முடிவானது. சரியாக வந்தால் ஆர்கெஸ்ட்ராவில் எட்டாவது ஆள்.

"சேத்துக்கினாருன்னா கிறிஸ்மஸ்ஸு, நியூ இயரு, அப்பறம் டான்ஸு, ரிசப்சனு" என்று விரல் மடக்கினான். பிறகு கையை இறக்கிவிட்டு, "சாவுக்குப் போவ வேணாம்க்கா" என்றான். அவன் வாழ்க்கையில் கேட்டது அது ஒன்றுதான். பாட்டுக்காக மட்டும் கேட்டான் என்று நான் எழுதினால் பொய். இழவு வீட்டு வாசலில் நின்று, அடுத்தவன் அழுவதைப் பார்த்துக்கொண்டே கன்னத்தை உப்பி ஊதுவது அவனுக்கு அலுத்துவிட்டிருந்தது. பெஞ்சில் படுத்துக்கொள்ளும் அந்தக் கட்டைவிரல்களும் அலுத்துவிட்டன.

ஒத்திகைக்கு ஒருமுறை நானும் போனேன். கூடத்தில் ஏழு பேரும் சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பிரம்பு பின்னிய இருக்கை, உயரமான முதுகு. தம்பி வராந்தாவில் நின்றான். உட்காரச் சொன்னார்கள். "இருக்கட்டும் தொரை" என்றான். தொரை முன்னால் நாற்காலியில் உட்காரும் பழக்கம் எங்கள் யாருக்கும் இல்லை. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே வாசித்தான். டிரைவர் வீட்டம்மா டீத்தட்டோடு அவனுக்கு வழிவிட்டு நின்று, "இவன் பாட்டு வாசிக்க வந்தானா, பீட் போலீஸா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாசிப்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது. கடைசியில் அந்த முடிவும் வந்தது. மூன்றே சுரங்கள், கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது மாதிரி. இரண்டு ஆண்டு காத்திருந்து அன்றுதான் அதைக் கேட்டேன்.

கச்சேரி கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால். அறுபத்தெட்டு என்பதில் எனக்கு ஐயமில்லை; அடுத்து வந்த பொங்கலில்தான் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. மாதா கோயில் மைதானத்தில் கீற்றுப் பந்தல், வண்ணக் காகிதத் தோரணம், மூங்கிலில் கட்டிய நட்சத்திரம். நாங்கள் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தோம். அப்பா தொழிற்சாலையில் கொடுத்த காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டு, மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். அம்மா தாழம்பூ வைத்திருந்தாள். எங்களுக்குப் பின்னால் தொழிற்பேட்டைப் பையன்கள் கும்பலாக நின்றார்கள். தம்பியின் பட்டறை ஆட்களும் அதில் இருந்தார்கள்.

ஆரம்பிக்கும் முன்னால் தம்பி மேடைக்குப் பின்புறமிருந்து ஓடி வந்தான். யாருடைய கோட்டையோ போட்டிருந்தான். காலில் கறுப்பு ஷூ, அதுவும் இரவல்.

"அக்கா, எனக்கும் சேர் போட்டுகிறாங்க." மேடைப் பக்கம் கையைக் காட்டினான். "பேரு எழுதி ஒட்டிகிறாங்கக்கா, சேர் முதுகுல."

மேடையில் எட்டு நாற்காலிகள் இருந்தன. ஒத்திகையில் பார்த்த அதே பிரம்பு நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, இருக்கையில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். எட்டாவது ஓரத்தில். தம்பி அதன் நுனியில், கண்ணாடிப் பாத்திரத்தின் மேல் உட்காருவது போல உட்கார்ந்தான். அப்பா என் பக்கம் குனிந்து, "அவனுக்கும் மத்தவங்களுக்கும் ஒரே மாரி சேருதான், பாத்தியா" என்றார்.

முதல் மூன்று பாட்டுகளுக்கு அவனுக்கு வேலை இல்லை. ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். நான்காவதாகச் சனிக்கிழமைப் பாட்டு. டிரைவர் தொரை தலையசைத்தார். தம்பி ஊதினான்.

முதல் வரி நன்றாக வந்தது. இரண்டாவது வரியில் அவன் முழங்கால் தூக்கிக்கொண்டதைப் பார்த்தேன். வலது கால் முன்னால் போகப் பார்த்தது, போக இடமில்லை. ஷூ முன் நாற்காலியின் காலில் இடித்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டான். அப்போது தாளம் போய்விட்டது. வாசிப்பில் ஒரு அடி முன்னால் ஓடினான். டிரம்ஸ்காரர் அவனைத் துரத்தினார். டிரைவர் தொரை ஒரு கையால் சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மெதுவாக, மெதுவாக என்று காட்டினார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு இன்னும் வேகமாக ஊதினான். நடக்கிறவன் வழுக்கிவிட்டால் ஓடித்தானே சமாளிப்பான், அப்படி.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மாமே, பொணத்த சீக்கிரம் தூக்குறான்டா. மழ வருதா?"

இன்னொருவன், "சில்லறைய இறைங்கடா" என்றான்.

மைதானமே சிரித்தது. தெரியாதவர்களும் சிரித்தார்கள். தம்பி ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டான். ஆர்கெஸ்ட்ரா அவன் இல்லாமல் பாட்டை முடித்தது. அந்த மூன்று சுரங்களை டிரைவர் தொரையே வாசித்தார். எழுந்து போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கச்சேரி முடியும்வரை அவன் அந்த நாற்காலியிலேயே, மடியில் ட்ரம்பெட்டோடு, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தண்டவாளத்தை ஒட்டி நடந்து வீடு திரும்பினோம். லெவல் கிராசிங் அருகில் அப்பா கேட்டார், "ஷூ கடிச்சிச்சா?"

"ம்" என்றான்.

ஆவடிக் கச்சேரிக்கும் பூந்தமல்லிக் கச்சேரிக்கும் அவனைக் கூப்பிட்டு ஆள் வந்தது. அவன் போகவில்லை. டிரைவர் தொரையே சைக்கிளில் வந்தார். தம்பி பின்பக்க வேலி ஏறிக் குதித்துப் போய்விட்டான். அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் வழக்கம்போல ரேடியோவை ஜன்னலில் வைத்தேன். அவன் சந்தில் வந்து நிற்கவில்லை. பல வாரம் வைத்தேன். எழுபதாம் ஆண்டு நடுவில் அந்த நிகழ்ச்சியே அந்த இடத்தில் இல்லை. முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடினேன். சீனப் பேச்சு மட்டும் அங்கேயே இருந்தது.

அவன் சாவுகளுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

எழுபத்தொன்று டிசம்பரில் மறுபடி ஒரு சண்டை நடந்து முடிந்தது. கிறிஸ்மஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் டிரைவர் வீட்டம்மா இறந்துபோனார். நீண்ட நாள் சர்க்கரை வியாதி. டிரைவர் தொரை பாடிக்குப் போய், பேண்டு மாஸ்டரிடம், இரண்டு தோத்திரப் பாட்டு போதும், நிதானமாக, என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ட்ரம்பெட்காரன் யாரென்று அவர் கேட்கவில்லை. தம்பியும் வர முடியாது என்று சொல்லவில்லை.

எங்கள் சாவுகளில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். கிறிஸ்தவர்களில் அப்படியில்லை. நானும் கல்லறை வரை நடந்தேன். முன்னால் பேண்டு செட், பிறகு வண்டி, அதன் பின்னால் டிரைவர் தொரை, கையில் தொப்பி. இரண்டு தோத்திரப் பாட்டும் முடிந்தன. பெரிய சாலையிலிருந்து கல்லறைச் சாலைக்குத் திரும்பும் இடத்தில் கொஞ்ச நேரம் பெரிய டிரம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அப்போது தம்பி தனியாகத் தொடங்கினான்.

சனிக்கிழமைப் பாட்டு. அந்த ஊர்வலத்தில் அது என்னவென்று எங்கள் மூன்று பேருக்கும் ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கும்தான் தெரியும். மற்றவர்கள் அதையும் ஒரு தோத்திரம் என்று நினைத்திருப்பார்கள். இடது கால், வலது கால் என்று சீராக நடந்தான். பாட்டு அவன் மேல் ஏறி உட்கார்ந்து வந்தது. வேகம் பிடிக்கும் இடத்தில் அவன் வேகம் பிடிக்கவில்லை, வண்டி மெதுவாகப் போனதால் பாட்டையும் மெதுவாகவே நடத்தினான். அந்த மெதுவில் அது எவ்வளவு துக்கமான பாட்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கல்லறைக் கதவு வந்தபோது மூன்று சுரங்களை வைத்து முடித்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். டிரைவர் தொரை கதவருகில் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அன்னிக்கி ஏன் மேன் இப்டி வாசிக்கல?"

"அன்னிக்கி ஒக்காந்துகினு இருந்தேன் தொரை."

அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. வராந்தாவையும் டீத்தட்டையும் நினைத்திருப்பார் என்று தோன்றுகிறது.

"நிக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? மேடை முழுக்க நடன்னு உட்ருப்பேனே."

"சேர் குடுத்தீங்க தொரை," என்றான் தம்பி. "வேணான்னு எப்டி சொல்றது?"

அவர் கதவுக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். அடுத்த டிசம்பர், நின்றுகொண்டு வாசிக்கலாம், ஆள் வந்து கூட்டிப்போகும் என்றெல்லாம் சொன்னார். தம்பி தலையாட்டினான். அவன் முகத்தில் பழைய ஆசை வந்து போனதை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த டிசம்பர் வரவில்லை. எழுபத்திரண்டு கோடையில் மகள்கள் டிரைவர் தொரையை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனார்கள். ஆர்கெஸ்ட்ராவில் மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். டிரைவர் வீட்டுச் சாமான்களை விற்ற அன்று அப்பா போய் ஒரு பிரம்பு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். "உன் சேருடா. பேரு ஒட்டுன கோந்து இன்னும் கீது பாரு" என்று தடவிக் காட்டினார். கல்லறை வாசலில் பேசியது அவருக்குத் தெரியாது. ஷூ கடித்துவிட்டது என்றே அவர் நம்பியிருந்தார். தம்பி கோந்துத் தடத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா கீது நைனா" என்றான். அதில் ஒருநாளும் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். நாற்காலி மேல் துவைத்த துணி இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில், நூலகத்தில் மேல்நாட்டு இசையைப் பற்றிய ஒரு தடிமனான புத்தகத்தில் படித்தேன். ஜாஸ் பிறந்த ஊர்களில் ஒன்றில், செத்தவரைக் கல்லறைக்குக் கொண்டுபோகும்போது பித்தளை வாத்தியங்களோடு பேண்டு செட் முன்னால் நடந்து போகுமாம். போகும்போது மெதுவாக, திரும்பும்போது வேகமாக. படமும் இருந்தது. கோட்டு, தொப்பி, வரிசை, தெருவில் தண்ணீர். பாடிக்காரர்கள் என்று சொன்னால் நம்பலாம். சனிக்கிழமைப் பாட்டு ஏன் மெதுவாகத் தொடங்கி வேகம் பிடித்தது என்று எனக்குப் பட்டது. அது எந்தப் பாட்டு என்று உறுதியாகத் தெரியாததால் இதை யூகம் என்றே வைக்கிறேன். அவன் எதிலிருந்து ஓடிப்போக அந்தப் பாட்டைப் பிடித்தானோ, அதிலிருந்துதான் அந்தப் பாட்டே வந்திருக்கிறது. இதைக் கேட்க அவன் இல்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நூலகம் மூடும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அவன் போனது எழுபத்தாறில், மாசியில். மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தோம், பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், தாமதமாகிவிட்டது. இருபத்தொன்பது வயது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேண்டு செட் சொல்லாமலே வந்துவிட்டது. எல்லோரும் சிவப்புக் கோட்டில் சந்தில் நின்றார்கள். முன்வரிசையில் அவன் இடத்தை அப்படியே காலியாக விட்டிருந்தார்கள். பட்டறை ஆட்களும் வந்தார்கள். பெஞ்சில் படுத்துக்கொள்ளும் ஒருவன் முருங்கை மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

எங்கள் பக்கத்தில் இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பூப்பல்லக்கில் உட்கார்ந்த நிலையிலேயே கொண்டுபோவது உண்டு. கௌரவம் என்பார்கள். அப்பா உள்ளே போய் அந்தப் பிரம்பு நாற்காலியைத் தூக்கிவந்தார். துணிகளை எடுத்துவிட்டு, தோள்துண்டால் துடைத்தார்.

"ஒரு வாட்டியாச்சும் அவன் சேர்ல ஒக்காரட்டும்" என்றார்.

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் நைனா. படுத்துகினே போவட்டும். ஒக்காந்தா அவனுக்கு வராது."

அப்பாவுக்கு விளங்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில், கல்லறை வாசலில் தம்பி சொன்னதை அவருக்குச் சொன்னேன். கோட்டுப் போட்டவர்கள் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உடனே புரிந்தது. பேண்டு மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா நாற்காலியைத் தரையில் வைத்தார்.

"முன்னாலதான ஒக்காந்திருந்தேன்" என்றார். "எழுந்து நில்லுடா கண்ணுன்னு ஒரு கொரல் குடுத்திருப்பேனே."

படுக்க வைத்தே தூக்கினார்கள். பெரிய டிரம்மில் ஒரு அடி விழுந்தது. எல்லோரும் இடது காலை எடுத்து வைத்தார்கள். நான் ஏரியல் கட்டிய முருங்கை மரம் வரை போய், அங்கேயே நின்றுவிட்டேன்.